வீட்டில் பேல் ஏல் காய்ச்சுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மந்தைவெளிக்காரன். வேலை நிமித்தம் எட்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்தேன். அங்கே வாடகை வீட்டுச் சமையலறையில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஊறவைத்து, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் ஒரு பூ) போட்டு, அறுபது தடவைக்கு மேல் பேல் ஏல் என்ற பீர் காய்ச்சியிருப்பேன். ஊர் திரும்பியதும் அண்டாவைக் கழுவி மொட்டை மாடி அறையில் கவிழ்த்தாயிற்று. ஏன் என்பது முதல் கேள்வியிலேயே வந்துவிடும். ஆனால் கேட்பவர்கள் விடுவதாக இல்லை. அக்கா மகன் சிங்கப்பூரில், எதிர்வீட்டுப் பெண் மெல்போர்னில், பழைய அலுவலக நண்பரின் பையன் நியூஜெர்சியில். இவர்கள் போதாதென்று ஞாயிற்றுக்கிழமை மாலை மாடிக்கு வரும் நண்பர்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய இதேதான் என்பதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அளவுகள் எல்லாம் 20 லிட்டருக்கு.

சென்னையிலேயே வீட்டில் செய்யலாமா சார்?

கூடாது. 1937-ஆம் ஆண்டு வந்த மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். "விற்கவில்லை, நான் மட்டும்தான் குடிக்கிறேன்" என்பதற்கு விலக்கு கிடையாது. தெருமுனையில் டாஸ்மாக் இருப்பதைப் பார்த்து, சட்டம் எப்போதோ செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். விற்பது அரசாங்கம், காய்ச்சுவது உரிமம் வாங்கிய ஆலை. நம் பங்கு காசு கொடுப்பது மட்டும்தான். "500 லிட்டர் ஊறல் அழிப்பு" என்று பேப்பரில் வரும் செய்தியில் உங்கள் அபார்ட்மெண்ட் பெயர் வர வேண்டாம்.

ஆகவே இனி வரும் காய்ச்சும் முறையெல்லாம் அது சட்டப்படி செல்லுபடியாகும் ஊரில் இருப்பவர்களுக்கு. சென்னையில் இருந்தபடியே செய்து பார்க்கக்கூடியவை இரண்டு உண்டு, போதை இல்லாதவை. அவை கடைசியில்.

எந்த ஊரில் செய்யலாம்?

இங்கிலாந்தில் 1963-லிருந்து சொந்த உபயோகத்துக்கு உரிமமே தேவையில்லை. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. வீட்டில் பெரியவர் ஒருவர் இருந்தால் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். அதற்கு மேல் மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர்கள் வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம். ஆஸ்திரேலியாவிலும் பீர் காய்ச்சத் தடையில்லை. ஆனால் உரிமம் இல்லாமல் விற்பது எங்கேயும் கூடாது. வாலையில் வடித்துச் சாராயம் எடுப்பது முற்றிலும் வேறு விவகாரம். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

டப்பாவில் மால்ட் பாகு கிடைக்கிறதே, தண்ணீர் கலந்தால் ஆயிற்று. தானியத்திலிருந்து எதற்கு மெனக்கெடுவது?

இன்ஸ்டன்ட் காபி இருக்கும்போது ஃபில்டர் எதற்கு என்று மயிலாப்பூரில் நின்று கேட்டுப் பாருங்கள். டப்பாப் பாகில் நல்ல பீர் வராது என்றில்லை, வரும். ஆனால் பேல் ஏல் என்பது ஹாப்ஸின் மணம் முன்னால் நிற்க வேண்டிய பீர். அடியில் இருக்கும் மால்ட் சுத்தமாக, லேசாக, பிஸ்கட் வாசனையோடு இருந்தால்தான் மணம் எடுபடும். பழைய பாகில் நிறம் கறுத்து, ஒரு மாதிரி காய்ந்த வெல்ல வாடை வந்துவிடுகிறது. தானியத்தில் செய்தால் இனிப்பு எவ்வளவு நிற்க வேண்டும், குடிக்கும்போது கனமா லேசா என்பதெல்லாம் உங்கள் கையில். செலவும் குறைவு. நேரம்தான் கூட: ஒரு சனிக்கிழமை முழுசாகப் போகும்.

நாட்டு மருந்துக் கடை பார்லி அரிசியில் செய்ய முடியாதா?

முடியாது. அது உமி நீக்கித் தீட்டிய பார்லி. அதில் மாவுச்சத்து உண்டு, அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி கிடையாது. நொதி வர வேண்டுமானால் தானியம் உயிரோடு முளைக்க வேண்டும். முழு பார்லியை ஊறவைத்து, நாலைந்து நாள் முளைக்கவிட்டு, முளை நீளுமுன் மிதமான சூட்டில் காயவைத்தால் அதுதான் மால்ட். கேழ்வரகை முளைகட்டி, நிழலில் உலர்த்தி, மாவாக்கிக் குழந்தைக்குக் கஞ்சி கொடுக்கிறோமே, அதே வேலை. நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததைத்தான் மால்ட் ஆலைகள் டன் கணக்கில் செய்கின்றன.

என்னென்ன சாமான் வேண்டும்?

40 லிட்டர் அண்டா ஒன்று, அதற்குள் போகும் பெரிய வலைப்பை ஒன்று, நம்பகமான வெப்பமானி, சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், மூடியில் காற்று வெளியேறும் வால்வு வைத்த 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, உணவுக்கு உகந்த குழாய், பாட்டில்கள், மூடி போடும் கருவி. அப்புறம், கழுவிய பிறகு அலசத் தேவையில்லாத கிருமிநாசினி. இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாதவை வெப்பமானியும் கிருமிநாசினியும்தான். அண்டா பழசாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சின்ன ஃபிளாட் அடுப்பில் 25 லிட்டரைக் கொதிக்கவிடுவது கஷ்டம். அங்கே எல்லா அளவையும் பாதியாக்கி 10 லிட்டர் செய்யுங்கள்.

சரி, அளவு சொல்லுங்கள்.

பேல் மால்ட் 4.5 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 350 கிராம், இரண்டும் கடையிலேயே உடைத்து வாங்கியது. உடைத்தல் என்றால் குருணை, மாவல்ல. மேக்னம் ஹாப்ஸ் 15 கிராம், கேஸ்கேட் ஹாப்ஸ் 120 கிராம். ஏல் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்று. தண்ணீர் 29 லிட்டர். ஜிப்சம் 5 கிராம். பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை 120 கிராம்.

ஈஸ்ட் போடுமுன் ஹைட்ரோமீட்டர் 1.051 பக்கம் காட்டும்; முடிந்த பிறகு 1.011. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம்: ஐந்தேகால் வாக்கில் வரும்.

மாஷ் என்பது என்ன? ஊறவைப்பதுதானே?

ஊறவைப்பதுதான், ஆனால் சூட்டில். 'ஊறல்' என்ற சொல்லைப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால் நான் மாஷ் என்றே சொல்கிறேன்.

தண்ணீரை 69 டிகிரிக்குக் கொண்டுவந்து, அடுப்பை அணைத்து, பையை உள்ளே விரித்து, உடைத்த மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். கட்டி தட்டக் கூடாது. களி கிண்டத் தெரிந்த கை என்றால் தட்டாது. தானியத்தின் குளிர்ச்சியில் சூடு 66-க்கு இறங்கும். அங்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். அண்டாவைப் போர்வையால் சுற்றிவிடுவேன்.

ஏன் 66? மால்ட்டில் இரண்டு முக்கிய நொதிகள் இருக்கின்றன. பீட்டா அமைலேஸுக்கு 60-லிருந்து 65 வரை பிடிக்கும். ஈஸ்ட் முழுதாகச் சாப்பிடக்கூடிய சர்க்கரையாக அது வெட்டித் தரும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 70-ஐ ஒட்டிய சூடு பிடிக்கும். அது கண்ட இடத்தில் வெட்டும், அதில் பெரிய துண்டுகள் மிஞ்சும், ஈஸ்ட்டால் அவற்றைத் தொட முடியாது. எனவே 63-இல் ஊறவைத்தால் பீர் காய்ந்த மாதிரி, தண்ணியாக இருக்கும். 69-இல் ஊறவைத்தால் கனமாக, நாக்கில் தங்கும். 66 நடுநிலை. 75-ஐத் தாண்டினால் நொதிகள் சீக்கிரமே செத்துப்போகும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் கஞ்சி கஞ்சிதான்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பாருங்கள். மாவு வாசம் போய், கெட்டி மால்ட் பானம் மாதிரி தித்திக்கும். முதல் தடவை எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு துளி சர்க்கரை போடாமல் அவ்வளவு இனிப்பு! பையைத் தூக்கி வடியவிடுங்கள். பிழியலாமா என்று பெரிய சண்டையே உண்டு. நான் பிழிவேன், இதுவரை கெட்டதில்லை.

பை இல்லாமல் அடியில் துளையிட்ட தட்டு வைத்த பாத்திரத்தில் செய்து, மேலே சுடுதண்ணீர் ஊற்றி வடிப்பவர்களும் உண்டு. அது டிகாஷன்தான்: முதல் டிகாஷன் கெட்டி, இரண்டாவது நீர்த்தது. இரண்டையும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஹாப்ஸ் எப்போது போடுவது? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன?

ஒன்றாகப் போட்டால் கசப்பு நிற்கும், மணம் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பெண் பூ. கஞ்சாச் செடியின் குடும்பம். அதற்காக யாரும் பதற வேண்டாம், போதை இதில் கிடையாது. பூவிதழ்களின் அடியில் மஞ்சள் துகள் மாதிரி பிசின் இருக்கும். அதில் இரண்டு சமாசாரம்: கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம், மணம் தரும் எண்ணெய். அமிலம் சும்மா கரையாது. நீண்ட நேரம் கொதித்து வடிவம் மாறினால்தான் கரைந்து கசக்கும். எண்ணெயோ கொதித்தால் ஆவியாகிவிடும். ஒன்றுக்குத் தேவையானது மற்றொன்றுக்கு எதிரி. தாளிப்பையும் கடைசியில் தூவும் கொத்தமல்லியையும் ஒன்றாக எண்ணெயில் போடுவோமா?

அதனால் மேக்னம் 15 கிராம் கொதி வந்தவுடன். ஒரு மணி நேரம் கொதிக்கும். கசப்பில் முக்கால் பங்கு இதிலேயே கிடைத்துவிடும். கேஸ்கேட் 30 கிராம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது. இன்னொரு 40 கிராம் அடுப்பை அணைத்து, சூடு 80-க்கு இறங்கியதும் போட்டு இருபது நிமிடம் மூடிவையுங்கள். மிச்சம் 50 கிராம், ஈஸ்ட் வேலை முடிகிற சமயத்தில் வாளிக்குள் நேராக, மூன்று நாளைக்கு.

கேஸ்கேட் மணத்தைக் கிரேப்ஃப்ரூட் என்று வெள்ளைக்காரர்கள் எழுதுவார்கள். நமக்குப் பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் வருகிற வாசனை என்றால் சட்டென்று புரியும். கூடவே கொஞ்சம் பூ வாசம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உருவாகி 1972-இல் வெளியான ரகம் அது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 1980-இல் அதை வைத்து ஒரு பேல் ஏல் செய்தது. இன்று உலகம் முழுக்க வீட்டில் காய்ச்சுகிறவர்கள் முதலில் செய்து பார்ப்பது அதன் சாயலைத்தான். மேலே நான் கொடுத்த அளவும் அந்த வழியில் வந்ததே.

வாங்கிய ஹாப்ஸை ஃப்ரீஸரில் வையுங்கள். பாக்கெட்டைத் திறந்ததும் பழைய சீஸ் வாடை அடித்தால் தூக்கி எறியுங்கள். வீட்டில் நாய் இருந்தால் கொதித்த சக்கையைக்கூட அதன் கண்ணில் காட்டாதீர்கள்: ஹாப்ஸ் தின்ற நாய்க்கு உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம்.

மொட்டை மாடியில் ஹாப்ஸ் கொடி வளர்க்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குக் குளிர்கால உறக்கமும் கோடையில் நீண்ட பகலும் வேண்டும். இந்தியாவில் இமாசலத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. 13 டிகிரி அட்சத்தில் இருக்கும் சென்னையில் அவரைக்கொடி போடுங்கள்.

தண்ணீர்?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது மால்ட்டோடு சேர்ந்து டெட்டால் வாடையாக வரும். பல நகரங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமைன் கலக்கிறார்கள், அது கொதித்தாலும் லேசில் போகாது. மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை ஒன்றில் பாதியைப் பொடித்து 29 லிட்டரில் கரைத்துவிட்டால் சில நிமிடத்தில் பிரச்சினை தீர்ந்தது.

ஜிப்சம் எதற்கு என்றால், சல்ஃபேட் இருந்தால் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாக, சுத்தமாகத் தெரியும். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் இயற்கையாகவே அதிகம். அந்த ஊர் பேல் ஏலுக்குப் பேர்பெற்றது அதனால்தான். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் ஜிப்சத்தைக் கட்டாயம் போடுங்கள். வெறும் தண்ணீரில் வைத்த ரசம் மாதிரி தட்டையாக இருக்கும் இல்லாவிட்டால்.

மாமா, இங்கே வீட்டுக்குள்ளேயே 30 டிகிரி. வேலைக்கு ஆகுமா?

சிங்கப்பூரிலிருந்து அக்கா மகன் கேட்டது. எல்லாக் கேள்விகளிலும் பெரியது இதுதான்; சென்னை மாதிரி வெயிலூரில் வளர்ந்த எல்லோரும் கவனிக்க வேண்டியதும் இதுதான்.

காய்ச்சும் நாளில் நீங்கள் செய்வது இனிப்பான, கசப்பான ஒரு கஞ்சித் தண்ணீர், அவ்வளவே. பீரை ஈஸ்ட் செய்கிறது. அது வேலை செய்யும் முதல் மூன்று நாளின் சூடுதான் பீரின் குணத்தைத் தீர்மானிக்கும். இட்லி மாவு அரைக்கிற வீட்டில் இதைப் புரியவைக்கச் சிரமமே இல்லை: மார்கழியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காத மாவு, சித்திரையில் நாலு மணி நேரத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். ஆனால் இட்லி மாவு கொஞ்சம் புளித்தால் தோசை ஊற்றிவிடலாம். பீருக்கு அந்த வசதி இல்லை.

வழக்கமான அமெரிக்க ஏல் ஈஸ்ட்டுக்கு 18-லிருந்து 20 டிகிரி உத்தமம். 30-இல் விட்டால் அது வெறிபிடித்தாற்போல் வேலை செய்து, தொண்டையைச் சுடும் கனமான ஆல்கஹால்களையும், நகப்பூச்சு அழிப்பான் வாடையையும் உண்டாக்கும். இன்னொரு விஷயம்: நொதிக்கும்போது உள்ளேயே சூடு பிறக்கும். அறை 22 என்றால் வாளிக்குள் 25. ஆகவே அறையின் சூட்டைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது, வாளியின் மேல் ஒட்டிய வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

வழிகள் மூன்று. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி, அதன் பிளக்கை வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகி, உணரியை வாளியின் மேல் ஒட்டிவிடுவது முதல் வழி. நான் சிபாரிசு செய்வது இதைத்தான். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஈரத்துணி சுற்றி ஃபேன் போடுவது இரண்டாவது. மண்பானைத் தண்ணீரின் தத்துவம். வறண்ட ஊரில் நன்றாக நடக்கும். சிங்கப்பூர் மாதிரி காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் இரண்டு டிகிரிகூட இறங்காது; ஐஸ் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றினால் ஓரளவு சமாளிக்கலாம்.

மூன்றாவது, ஈஸ்ட்டையே மாற்றுவது. நார்வே கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக வைத்துவரும் குவெய்க் என்ற ஈஸ்ட் வகை இருக்கிறது. அதில் வோஸ் பகுதி ரகம் 35, 38 டிகிரியில்கூடச் சுத்தமாக வேலை செய்து, நாலைந்து நாளில் முடித்துவிடும். லேசான ஆரஞ்சு மணம் வரும், கேஸ்கேடோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. பனி கொட்டும் ஊரிலிருந்து நம் வெயிலுக்கு ஏற்ற ஈஸ்ட் வருகிறது பாருங்கள். அக்கா மகன் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறான். ஃப்ரிட்ஜ் வாங்க அவன் மனைவி சம்மதிக்கவில்லை.

கொதித்த சாற்றைக் குளிரவைப்பதிலும் இதே தலைவலி. தாமிரக் குழாய்ச் சுருளை உள்ளே விட்டுக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால் லீட்ஸில் இருபது நிமிடத்தில் 20 டிகிரி. குழாய்த் தண்ணீரே 29 டிகிரி என்றால் அதற்குக் கீழே எப்படி இறங்கும்? பாதி வரை சுருள், அப்புறம் அண்டாவை ஐஸ் தொட்டியில் இறக்குங்கள். சூடு இறங்கியதும் வாளியில் உயரத்திலிருந்து ஊற்றி, டீ ஆற்றுவதுபோல் நுரைக்கவிடுங்கள். ஈஸ்ட்டுக்குத் தொடக்கத்தில் காற்று வேண்டும். அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு காற்று பட்டால் ஹாப்ஸ் மணம் செத்து, ஈர அட்டைப்பெட்டி வாசம்தான் மிஞ்சும்.

எப்போது பாட்டிலில் அடைப்பது? குமிழி நின்றால் போதுமா?

குமிழியை நம்பாதீர்கள். நான் நம்பினேன்.

லீட்ஸில் இரண்டாவது குளிர்காலம். பத்து நாளில் குமிழி நின்றுவிட்டது. ஹைட்ரோமீட்டர் 1.019 காட்டியது, கருவிதான் தப்பு என்று முடிவுகட்டி அடைத்தேன். உண்மையில் குளிரில் ஈஸ்ட் தூங்கியிருக்கிறது. வசந்தம் வந்தது, மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை சூடானது, ஈஸ்ட் விழித்துக்கொண்டது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தீபாவளி. காலையில் கதவைத் திறந்தால், பாட்டில் சில்லு ஒன்று மரப்பலகையில் ஆணி அடித்ததுபோல் குத்தி நின்றது. பகலில் நான் உள்ளே துணி எடுக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது.

கணக்கு இது: ஹைட்ரோமீட்டரில் நான்கு புள்ளி (அதாவது 0.004) மிச்சமிருக்கும்போது அடைத்தால், நாம் சர்க்கரை போட்டு வரவழைக்கும் வாயுவுக்கு மேல் ஏறக்குறைய அதே அளவு வாயு கூடுதலாகச் சேரும். எட்டுப் புள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். எனவே இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, ஒரே எண் வந்தால் மட்டும் அடையுங்கள். வாளிக்குள் ஹாப்ஸ் போட்ட பிறகும் ஒரு தடவை அளக்க வேண்டும். ஹாப்ஸில் இருக்கும் நொதிகள் மிச்சமிருக்கும் பெரிய சர்க்கரைத் துண்டுகளை உடைத்து, ஓய்ந்த ஈஸ்ட்டை மறுபடி கிளப்பிவிடும்.

அடைக்கும் நாளில் 120 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு ஆற்றி, சுத்தமான இன்னொரு வாளியின் அடியில் ஊற்றி, அதன் மேல் பீரைச் சத்தமில்லாமல் குழாயால் இறக்குங்கள். பழுப்பு பாட்டில்தான் வேண்டும். வெள்ளை பாட்டிலிலும் பச்சை பாட்டிலிலும் வெளிச்சம் புகுந்து, ஹாப்ஸின் கசப்புப் பொருளோடு சேர்ந்து மரநாய் வாடையை உண்டாக்கும்.

வீட்டில் செய்தால் கள்ளச்சாராயம் மாதிரி கண் போய்விடாதா?

பயம் நியாயமானது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்தது யாருக்கும் மறக்காது. ஆனால் அங்கே கொன்றது மெத்தனால், தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படுவது. சாராயத்தில் அதைக் கலந்திருந்தார்கள். பார்லியை ஈஸ்ட் நொதிக்கவைக்கும்போது உருவாகும் மெத்தனால் பொருட்படுத்த வேண்டியதில்லாத அளவுதான். கடை பீரிலும் அதே அளவே இருக்கும். இங்கே வாலையில் வடிப்பதில்லை, எதையும் கலப்பதில்லை. வீட்டு பீரில் உண்மையான ஆபத்து, மேலே சொன்ன பாட்டில் வெடிப்பும் 25 லிட்டர் கொதிக்கும் அண்டாவும்தான். அண்டாவைத் தனியாகத் தூக்காதீர்கள். செருப்பில்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

புளிக்கிறது, வெண்ணெய் வாசம் வருகிறது. என்ன தப்பு?

புளிப்பு என்றால் பாக்டீரியா, அதாவது கழுவியது போதவில்லை. அடுத்த தடவை குழாயைத் தூக்கிப்போட்டுப் புதிது வாங்குங்கள். வெண்ணெய் வாசம் என்றால் ஈஸ்ட் வேலையை முடிக்குமுன் அவசரப்பட்டிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அதுவே அந்த வாசத்தைத் தின்று தீர்த்திருக்கும்.

ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) இந்தியாவுக்காகவே கண்டுபிடித்ததாமே? சென்னைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

மாடியில் இந்தப் பேச்சு வந்தால் இரவு பத்தாகிவிடும். கதை இப்படிச் சொல்லப்படுகிறது: கப்பலில் பீர் கெட்டுப்போனதாம், அதனால் ஹாட்சன் என்பவர் ஹாப்ஸும் ஆல்கஹாலும் கூட்டிப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாராம். அப்படியில்லை. பேல் ஏல் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது. வெளியூர் போகும் பீருக்கு ஹாப்ஸ் கூட்டுவதும் தெரிந்த வழக்கம். கறுப்பான போர்ட்டர் பீரும் இந்தியாவுக்கு நன்றாகவே வந்து சேர்ந்தது. சிப்பாய்கள் குடித்தது பெரும்பாலும் அதுதான். ஹாட்சனின் ஆலை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது, கப்பல் தலைவர்களுக்கு அவர் கடனுக்குக் கொடுத்தார். வியாபாரம் அப்படித்தான் பிடித்தது. 1820-களில் பர்ட்டன் ஆலைகள் உள்ளே புகுந்து, ஜிப்சம் தண்ணீரின் புண்ணியத்தில் அவரை முந்தின.

சென்னைக்குச் சம்பந்தம் இல்லாமலா? அப்போது மெட்ராஸில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். சரக்கெல்லாம் கயிற்றால் தைத்த மசூலா படகில் ஏறி, அலையில் எகிறிக் குதித்துக் கரைக்கு வரும். மாதக்கணக்கில் கடலில் உருண்ட பீப்பாய், கடைசி அரை மைலில் நம் படகுக்காரர்கள் கையில்.

அப்போ சென்னையில் நாங்கள் என்னதான் செய்வது?

ஒன்று, மாஷ் என்னவென்று பார்ப்பது. பச்சரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, 65 டிகிரிக்கு ஆறவிடுங்கள். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகு மாவு இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, ஹாட் பாக்ஸில் மூடுங்கள். மாவு வறுக்காததாக இருக்க வேண்டும், வறுத்தால் நொதி செத்திருக்கும். கடை மாவில் பலதும் வறுத்ததே. அரை மணி நேரத்தில் கரண்டி நின்ற கஞ்சி தண்ணீராக இளகி, தித்திக்க ஆரம்பிக்கும். ஏலக்காய் தட்டிப்போட்டு அப்போதே குடித்துவிடுங்கள். வெளியே விட்டுவைத்தால் காற்றிலிருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது நம்மூரில் யாருக்குத் தெரியாது?

இரண்டு, ஹாப்ஸ் சோடா. இணையத்தில் ஹாப்ஸ் வாங்க முடிகிறது, அதில் ஆல்கஹால் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 75 டிகிரிக்கு ஆறவிட்டு, எலுமிச்சைச் சாறு ஒரு கரண்டி விட்டு, கேஸ்கேட் இரண்டு கிராம் போட்டு இருபது நிமிடம் மூடிவையுங்கள். எலுமிச்சையை முதலில் விடுவது முக்கியம், இல்லையென்றால் புல் மாதிரி கசக்கும். துணியில் வடிகட்டி, நன்றாகக் குளிரவைத்து, சோடா மெஷினில் வாயு ஏற்றுங்கள். சர்க்கரை போடாததால் நொதிக்க எதுவும் இல்லை. போன மே மாதம் இதைத்தான் மாடிக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். ஒருவர் முகத்தைச் சுளித்து, "பன்னீர் சோடாவே தேவலை" என்றார். மற்றவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள்.

பீர் அடைத்து எத்தனை நாளில் குடிக்கலாம் அங்கிள்?

அறைச் சூட்டில் இரண்டு வாரம் நிற்கட்டும். வெயிலூர் என்றால் ஒரு வாரமே போதும். அப்புறம் ஃப்ரிட்ஜ். ஒயின் மாதிரி வைத்து வைத்துக் குடிக்கிற சமாசாரமில்லை இது. இரண்டு மாதம் தாண்டினால் பம்ப்ளிமாஸ் போய் வெறும் கசப்புதான் இருக்கும். ஊற்றும்போது பாட்டிலின் அடியில் இருக்கும் ஈஸ்ட் வண்டலைக் கடைசி விரற்கடை அளவோடு விட்டுவிடுங்கள். அதைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது, மறுநாள் காலையில் வயிறு மட்டும் கொஞ்சம் பேசும்.